ஒரு ஃபிளாட்டில் எத்தனை சென்ட் இருக்கிறது?

வெள்ளகோவிலில் சொத்து என்றால் சென்ட்டிலும் ஏக்கரிலும்தான் பேசுவார்கள். கரூர் ரோட்டு டீக்கடை பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். முத்தூர் ரோட்டில் சென்ட் என்ன விலை, மூலனூர் பக்கம் ஏக்கர் என்ன போகிறது என்ற பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும். தறி ஓட்டியும் எண்ணெய் ஆட்டியும் சேர்த்த காசு இங்கே வழக்கமாக மண்ணில்தான் போய் இறங்கும். பிள்ளைகள் கோயம்புத்தூருக்குப் படிக்கவும் வேலைக்கும் போன பிறகு, அந்தக் காசில் ஒரு பகுதி சரவணம்பட்டியிலும் காளப்பட்டியிலும் நான்காம் மாடி, ஏழாம் மாடி என்று ஏறிவிட்டது. ஐந்தாறு வருடம் கழித்து அதை விற்கப் பார்க்கும்போது இந்தக் கேள்வி வருகிறது:

"ஏனுங்க, ஊர்ல நம்ம சைட்டுக்கு வெல ஏறீட்டே போகுது. கோயமுத்தூர்ல வாங்குன வீட்டுக்கு மட்டும் போட்ட காசே வர மாட்டேங்குது. அதென்னுங்க கணக்கு?"

நியாயமான கேள்வி. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட முடியாது. இன்னொன்று போடச் சொல்லிவிட்டு நிதானமாகப் பார்ப்போம்.

அடுக்குமாடி வீடு என்று ஒரே விலை கொடுத்து வாங்குகிறோமே, அதற்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று, கட்டடம் நிற்கும் நிலத்தில் நமக்கு வரும் பங்கு. இன்னொன்று, சுவர், கூரை, குழாய், லிஃப்ட் எல்லாம் சேர்ந்த கட்டடம். ஊர் வளர வளர நிலம் விலை ஏறும். கட்டடம், கட்டி முடித்த நாளிலிருந்தே தேயும். தறிக்காரர்களுக்கு இது புதிதல்ல. இருபது வருடம் ஓடிய தறியை விற்கப் போனால் இரும்பு விலைக்குத்தான் கேட்பார்கள். அந்தத் தறி நின்ற ஷெட்டின் இடத்துக்கோ, வாங்கியதைப்போலப் பல மடங்கு கொடுக்க ஆள் வரும்.

ஊரில் ஐந்து சென்ட் வாங்கி வீடு கட்டுகிறவருக்குக் கட்டடத் தேய்மானம் கண்ணில் படுவதே இல்லை. இடத்தின் ஏற்றம் அதை மூடிவிடுகிறது. ஃபிளாட்டில் கதை வேறு. கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி தேயும் சரக்குக்குப் போகிறது. கொஞ்சம்தான் வளரும் சரக்குக்கு. விலை இறங்குவதற்கான முதல் காரணம் இதுதான். மற்றவை இதன் மேல் வந்து சேருபவை.

"அப்படீன்னா நமக்கு நெலமே கெடையாதுங்களா?"

உண்டு. பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று எழுதியிருப்பார்கள், புரோக்கர்கள் யூ.டி.எஸ். என்பார்கள். மொத்த மனையில் உங்களுக்கு இத்தனை சதுர அடி என்று ஓர் எண் இருக்கும். ஆனால் எந்த மூலை உங்களுடையது என்று காட்ட முடியாது, கல் நட முடியாது, வீட்டை வைத்துக்கொண்டு நிலத்தை மட்டும் விற்கவும் முடியாது.

அந்த எண் எவ்வளவு என்பது கட்டடத்தின் உயரத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, உயரம் குறைந்த கட்டடத்துக்கு மனையின் பரப்பைப்போல் 2 மடங்கு தளப்பரப்பு கட்டலாம். உயரமான அடுக்குமாடிக்கு 3.25 மடங்கு. இதைத் திருப்பிப் போட்டால் நமக்கு வேண்டிய கணக்கு கிடைக்கும். அனுமதித்த அளவு முழுவதையும் கட்டினால், முதல் வகையில் 1000 சதுர அடி தளப்பரப்புக்கு 500 சதுர அடி நிலம். இரண்டாம் வகையில் சுமார் 308. கூடுதல் கட்டணம் செலுத்தி அதற்கு மேலும் ஏற்றிக் கட்டினால் நிலம் இன்னும் சுருங்கும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆக, பதினாலாம் மாடியில் நல்ல காற்றோட்டமான வீடு வாங்கியவருக்கு முழுசாக ஒரு சென்ட்கூட வராமல் போகலாம்.

இனி ஓர் உதாரணக் கணக்கு. எண்கள் நாமே வைத்துக்கொள்வதுதான். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கோவையின் ஓரத்தில், கட்டிக்கொண்டிருக்கும்போதே 60 லட்ச ரூபாய்க்கு ஒரு ஃபிளாட் பேசுகிறீர்கள். விளம்பரத்தில் 1200 சதுர அடி. நிலப் பங்கு 400 சதுர அடி. அங்கே சென்ட் 15 லட்சம் என்றால் உங்கள் நிலத்தின் மதிப்பு ஏறக்குறைய 14 லட்சம். கட்டும் செலவு சதுர அடிக்கு 2200 ரூபாய் என்றால் 26 லட்சத்துச் சொச்சம். இரண்டும் சேர்ந்து 40 லட்சம்.

மீதி 20 லட்சம் எங்கே? பில்டரின் லாபம், அவர் வாங்கிய கடனுக்கு வட்டி, அனுமதிச் செலவு, விளம்பரம், மாதிரி வீடு, விற்றுக்கொடுத்தவர் கமிஷன். இதில் தப்பு ஒன்றும் இல்லை. தொழில் செய்கிறவர் லாபம் வைத்துத்தான் விற்பார். ஆனால் நாளைக்கு நீங்கள் விற்கும்போது, உங்களிடம் வாங்குகிறவர் அந்த 20 லட்சத்தையும் சேர்த்துக் கொடுப்பாரா?

அதற்கு மேல் வரி. கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு 2019 ஏப்ரல் முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 45 லட்சத்துக்கு உட்பட்ட சிறிய வீடுகளுக்கு 1 சதவீதம். நம் கணக்கில் 3 லட்சம். அடுத்து பத்திரச் செலவு. 2023 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் புது ஃபிளாட்டை நிலமும் கட்டடமும் சேர்த்து ஒரே மதிப்பாகப் பதிகிறார்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 50 லட்சம் வரை 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம், அதையும் தாண்டினால் 9 சதவீதம். 60 லட்சத்துக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். அலமாரி, சமையலறை மேடை வேலை, சீலிங் வேலை என்று இன்னொரு 6 லட்சம். கூட்டிப் பாருங்கள்: கையை விட்டுப் போனது 73 லட்சம். மண்ணாகவும் கட்டடமாகவும் நிற்பது 40 லட்சம்.

"அடுத்த வருசமே வித்தா அதே அறுவது லட்சத்துக்குப் போகாதுங்களா?"

போவது கஷ்டம். உங்களிடம் வாங்குகிறவர் மறுவிற்பனைக்குப் பதிவுச் செலவு மட்டும் 9 சதவீதம் கொடுக்க வேண்டும். புது வீட்டுக்குக் கிடைக்கும் சலுகை அவருக்கு இல்லை. ஜி.எஸ்.டி. இல்லாதது ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அதோடு அதே வளாகத்தில் பில்டரிடமே விற்காத வீடுகள் இருக்கும். அவர் கார் நிறுத்தம் இலவசம், பத்திரச் செலவில் தள்ளுபடி என்று இறங்கி வருவார். வங்கியும் அவர் அலுவலகத்திலேயே வந்து கடன் கொடுக்கும். அவரோடு போட்டி போட்டு நீங்கள் விற்க வேண்டும். அவருடைய சரக்கு புதுசு. உங்களுடையது, ஒரு நாள்கூடக் குடியிருக்காவிட்டாலும், பழசு. எதிர்ப்புறக் காலி மனையில் இன்னொரு பில்டர் பூஜை போட்டுவிட்டால் போட்டி இரட்டிப்பாகிவிடும். நிலத்தைப் புதிதாகச் செய்ய முடியாது. ஃபிளாட்டை எத்தனை வேண்டுமானாலும் கட்டிக்கொண்டே போகலாம்.

சதுர அடியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. விளம்பரத்தின் 1200 சதுர அடியில் படிக்கட்டு, வராந்தா, லிஃப்ட் குழி, வாட்ச்மேன் அறை எல்லாவற்றிலும் உங்கள் பங்கு அடங்கியிருக்கலாம். வீட்டுக்குள் கால் வைத்து நடக்கும் இடம் 850 சதுர அடிதான் என்று அளந்த பிறகே தெரியும். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, உள்பரப்பைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிறது. கார்ப்பெட் ஏரியா என்று அதைக் கேளுங்கள். மறுவிற்பனைக்கு வருகிறவர் டேப் பிடித்து அளந்து பார்த்துத்தான் விலை சொல்வார்.

அடுத்து கடன். 60 லட்சத்தில் 48 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 41,650 ரூபாய்க்குப் பக்கம். முதல் மூன்று வருடத்தில் 15 லட்சம் கட்டியிருப்பீர்கள். அசலில் கழிந்தது 3 லட்சத்துச் சொச்சம்தான். மீதியெல்லாம் வட்டி. அந்த நேரத்தில் வேலை மாறியோ அவசரத்துக்கோ வீட்டை விற்க நேர்ந்தால், விற்ற பணத்தில் 45 லட்சத்தை வங்கி எடுத்துக்கொள்ளும். விலை கொஞ்சம் இறங்கினாலும் இழப்பு முழுக்க நீங்கள் போட்ட முன்பணத்தில்தான் விழும். வங்கிக்கு ஒன்றும் குறையாது.

இதெல்லாம் முதல் ஐந்து வருடக் கதை. பிறகு வயது வேலையைக் காட்டத் தொடங்கும். நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு எல்லாருக்கும் தெரியும். வெள்ளையாகப் படிந்து குழாயையும் ஹீட்டரையும் தின்றுவிடும். அந்தத் தண்ணீரிலேயே கான்கிரீட்டை நனைத்துக் கட்டியிருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு கம்பியைப் பருக்கவைக்க, பூச்சு பெயர்ந்து விழும். தனி வீட்டுக்காரர் ஆள் கூப்பிட்டு அந்த வாரமே சரிசெய்துவிடுவார். அடுக்குமாடியில் மொட்டைமாடி ஒழுகினால் கடைசி மாடிக்காரருக்குத்தான் வலி. கீழ்வீட்டுக்காரர் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்பார். சங்கம் கூடும், பேசும், கலையும். லிஃப்ட் நின்று, வெளிச்சுவரில் பாசி படர்ந்து, தண்ணீர் லாரி வாசலில் நிற்கும் வளாகத்தை வாங்க வருகிறவர் கேட்டைத் தாண்டும்போதே மனசுக்குள் விலையைக் குறைத்துவிடுவார். உங்கள் வீட்டுக்குள் நீங்கள் பளிங்கு பதித்திருந்தாலும் பயனில்லை.

இது எங்கே போய் முடியும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். கோவை சிங்காநல்லூரில் வீட்டுவசதி வாரியம் 1980-களில் கட்டிய 960 வீடுகள் இருந்தன. உழவர் சந்தை பக்கம் போனவர்களுக்குத் தெரியும். முப்பது சொச்சம் வருடங்களிலேயே கூரை பெயர்ந்து, கம்பி வெளியே தெரிந்து, குடியிருக்க லாயக்கில்லை என்ற நிலை வந்தது. சொந்தக்காரர்கள் வெளியேறி வாடகைக்குப் போக, இடித்துக் கட்டுவது ஒப்புதல், ஒப்பந்தம் என்று வருடக்கணக்கில் இழுத்தது. அங்கே வீடு வைத்திருந்தவர்களின் கையில் கடைசியில் மிஞ்சிய பலம், காலடியில் இருந்த நிலத்தின் பங்கு. அதை வைத்துத்தான் புது வீடு கேட்க முடிந்தது. கட்டடத்துக்கு யாரும் காசு தரப் போவதில்லை.

பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட ஒவ்வொரு சொந்தக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றிருந்தது பெரிய முட்டுக்கட்டை. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடி உடைமைச் சட்டம் அதை மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதமாகக் குறைத்தது. நல்ல மாற்றம். ஆனால் புதிதாகக் கட்ட வரும் பில்டருக்குக் கூடுதலாகக் கட்டி விற்க இடம் இருந்தால்தான் அவர் வருவார். நான்கு மாடிக் கட்டடத்தை இடித்துப் பத்து மாடி கட்டலாம். ஏற்கெனவே பதினெட்டு மாடியாக நிற்பதை இடித்து என்ன கட்டுவது? இன்று உயரமாக எழும் வளாகங்களின் நாற்பதாவது வருடத்தில் இந்தக் கேள்வி பலமாக எழும்.

வெளிநாடுகளில் இதை ஒளிக்காமலே சொல்லிவிடுகிறார்கள். ஜப்பானின் வரிச் சட்டம் மரவீட்டுக்கு 22 வருடம், கான்கிரீட் வீட்டுக்கு 47 வருடம் என்று ஆயுளே குறித்திருக்கிறது. சிங்கப்பூரில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் எச்.டி.பி. வீடுகள் 99 வருடக் குத்தகை. முடிந்ததும் வீடு அரசுக்கே திரும்பிவிடும். பழைய வீடுகளை எல்லாம் அரசு நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ளும் என்று நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள் என்று 2017-இல் அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் எச்சரித்தார். அங்கேயே கேலாங்கில் 60 வருடக் குத்தகையில் இருந்த 191 தனியார் வரிசை வீடுகள் 2020 இறுதியில் இழப்பீடு இல்லாமல் அரசிடம் போயின. இங்கே குத்தகை இல்லை, நிலப் பங்கு உண்டு என்பது நமக்கு ஆறுதல். அந்தப் பங்கு எவ்வளவு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தேய்மானத்துக்குக் காத்திராமல் ஒரே நாளில் மதிப்பு அழிவதும் உண்டு. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கொச்சி மரடில் கடலோர விதியை மீறிக் கட்டிய நான்கு வளாகங்கள் உச்ச நீதிமன்ற உத்தரவால் 2020 ஜனவரியில் தரைமட்டமாயின. ஆள் குடியிருந்த வீடுகள் அவை. அனுமதி இருக்கிறது என்ற வாய்ப்பேச்சுக்கும், காகிதத்தைப் படித்துப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

"அப்ப நெலம் மட்டும் எப்பவும் ஏறுமுங்களா?"

அப்படியும் இல்லை. நொய்யல் கரையில் ஒரத்துப்பாளையம் அணையை நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. பாசனத்துக்கு என்று கட்டியது சாயக்கழிவு தேங்கும் இடமாகி, கிணறுகள் கெட்டு, வெள்ளாமை போன காட்டுக்கு என்ன விலை இருந்தது? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது திருப்பூரிலிருந்து தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். வேலை இல்லாத ஊரில் வாடகைக்கு யார் வருவார்கள்? நிலத்தின் விலையும் தண்ணீர், சாலை, வேலை ஆகிய மூன்றின் மேல்தான் நிற்கிறது. அனுமதியில்லாத மனை, வில்லங்கமான பத்திரம் என்றால் அதுவும் தலைவலிதான். ஆனால் நிலத்துக்கு வயது என்று ஒன்று இல்லை, கட்டடத்துக்கு உண்டு.

இப்போது அந்த 73 லட்சத்துக்குத் திரும்புவோம். பதினைந்து வருடம் கழித்து என்ன ஆகும்? நிலம் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறுகிறது என்று தாராளமாகவே வைப்போம். 14 லட்சம் 44 லட்சமாகும். கட்டும் செலவு ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், அதே வீட்டை அன்று புதிதாகக் கட்ட 55 லட்சம் ஆகும். கான்கிரீட் கட்டடத்துக்கு 60 வருட ஆயுள் என்று மதிப்பீட்டாளர்கள் போடும் வழக்கப்படி தேய்மானம் கழித்தால் 41 லட்சத்துச் சொச்சம். மொத்தம் 85 லட்சம். ரூபாய்க் கணக்கில் லாபம்போலத் தெரியும். ஆனால் 73 லட்சத்தை 6.5 சதவீத வங்கி வைப்பில் போட்டிருந்தால், வட்டிக்கு வரி கட்டுவதற்கு முன் 1 கோடியே 88 லட்சம் ஆகியிருக்கும். மதிப்பு இழப்பு என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. எண் குறைவதில்லை, எண்ணின் பலம் குறைகிறது.

நேர்மையாகச் சொன்னால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. அந்த வீட்டில் நீங்களோ பிள்ளைகளோ குடியிருந்தால் வாடகை மிச்சம். மாதம் 16,000 என்று தொடங்கி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் பதினைந்து வருடத்தில் 41 லட்சம். மாதம் 3,600-இல் தொடங்கி ஏறும் பராமரிப்புக்கு 9 லட்சம் போனாலும் 32 லட்சம் கைக்கு வந்த மாதிரி. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ என்ற பயம் இல்லாமல் இருந்ததற்கு விலை தனி. குடியிருக்க வாங்கினால் ஃபிளாட் தோற்றுப்போன சரக்கு அல்ல. பூட்டிப் போட்டு, விலை ஏறும் என்று காத்திருப்பவருக்குத்தான் அது தோற்கிறது.

இதே வீடு மூன்று நான்கு மாடிக் கட்டடத்தில், 400-க்குப் பதில் 600 சதுர அடி நிலத்தோடு கிடைத்தால்? இன்று அந்தக் கூடுதல் நிலத்துக்கு 7 லட்சம் அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும். அதே 8 சதவீத ஏற்றத்தில், பதினைந்தாம் வருடம் அந்த 7 லட்சம் 22 லட்சமாக நிற்கும். நீச்சல் குளத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் கொடுத்த 7 லட்சம் அன்றைக்குப் பராமரிப்புச் சீட்டாக மட்டுமே வந்துகொண்டிருக்கும்.

வாங்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்குச் சில வார்த்தைகள். ரெரா பதிவு எண்ணைக் கேட்டு, அந்தத் திட்டத்தின் விவரத்தை நீங்களே பாருங்கள். கட்டமைப்புக் குறைபாட்டுக்கு 5 வருடம் பில்டர்தான் பொறுப்பு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. விரிசல் கண்டால் உடனே எழுத்தில் கொடுத்து வையுங்கள். வில்லங்கச் சான்றிதழும் கட்டட நிறைவுச் சான்றும் இல்லாமல் முன்பணத்துக்கு மேல் போகாதீர்கள். பழைய வளாகம் என்றால், வீட்டைப் பார்ப்பதற்கு முன் மொட்டைமாடியையும் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும் பாருங்கள். எட்டுப் பத்து வருடம் ஆன, பராமரிப்பு நன்றாக உள்ள வீடு பல நேரம் புதுசைவிட நல்ல பேரம். முதல் இறக்கத்தை முதல் சொந்தக்காரர் ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். சதுர அடி என்ன ரேட் என்று ஆரம்பிக்காதீர்கள். என் பத்திரத்தில் எத்தனை சதுர அடி நிலம் வரும் என்று கேளுங்கள். அதை 435.6-ஆல் வகுத்து, அந்தப் பகுதியின் சென்ட் விலையால் பெருக்குங்கள். வரும் தொகைதான் உங்கள் சேமிப்பு. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் குடியிருப்பதற்கான செலவு. அந்தச் செலவு உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆகாது என்றால், வாடகைக்கு இருப்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.